கால் நரம்புச் சுருட்டல்: பயமும் வேண்டாம், தாமதமும் வேண்டாம்

(ஜூபிலி விழாவையொட்டி, உத்தமபாளையத்தில் நடைபெற்ற மருத்துவ விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மக்களுக்குப் பயன்படும்படியாக ஏதேனும் ஒரு நோயைப் பற்றிப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். சர்க்கரை நோயைப் பற்றியும் இருதய நோயைப் பற்றியும் சொல்லப் பலர் இருக்கிறார்கள். ஆனால், எல்லோர் வீட்டிலும் இருந்தும் எவரும் வாய்விட்டுப் பேசாத நோய் ஒன்று உண்டு. சேலைக்கும் வேட்டிக்கும் உள்ளே மறைந்திருப்பதாலோ என்னவோ, அதை நோய் என்றே பலரும் எண்ணுவதில்லை. கெண்டைக்காலில் நீல நிறத்தில் புழுக்கள் நெளிவதுபோல் புடைத்து, முறுக்கிக்கொண்டு தெரியும் இரத்தக் குழாய்களைத்தான் சொல்கிறோம். "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று நம் ஊரில் சொல்லுவார்கள். டாக்டர்கள் வெரிகோஸ் வெயின் என்பார்கள். பாடப் புத்தகத்தில் சுருள் சிரை நோய் என்று எழுதியிருக்கும்.

செவிலியர்களும் மருத்துவர்களுமாகிய நாங்கள் இன்று உங்களுக்குச் சொல்ல வந்த செய்தி ஒன்றுதான். இந்த நோய்க்கு முன்பு பெரிய அறுவைச் சிகிச்சை ஒன்றே வழியாக இருந்தது. இன்று ஊசித் துளை அளவில் முடியும் சிகிச்சைகள் வந்துவிட்டன. அப்படியிருந்தும், கத்திக்குப் பயந்து புண் வரும்வரை காத்திருக்கும் பழைய வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்தையும் தாமதத்தையும் போக்குவதே எங்கள் நோக்கம்.

யாருக்கு வருகிறது?

இந்தப் பள்ளத்தாக்கில் உழைப்பு என்றால் பெரும்பாலும் நிற்கிற உழைப்புதான். இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தலின் கீழ் கைகளை உயர்த்தியபடி கவாத்து செய்கிறவர்களும் குலை வெட்டுகிறவர்களும் நாள் முழுவதும் நின்றே வேலை செய்கிறார்கள். விடியுமுன் ஜீப்பில் ஏறிக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்குப் போகும் பெண்கள், கால்களைத் தொங்கவிட்டபடி நெருக்கியடித்து உட்கார்ந்து போய், மலைச் சரிவில் நின்று உழைத்துவிட்டு, இருட்டிய பிறகு அதே விதமாகத் திரும்புகிறார்கள். கடைவீதியில் துணிக்கடைப் பிள்ளைகள், ஓட்டலில் தோசை மாஸ்டர், டீக்கடைக்காரர், பள்ளி ஆசிரியர், போக்குவரத்துக் காவலர், பஸ் கண்டக்டர் என்று இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

இது பெண்களுக்கு மட்டும் வரும் நோய் என்று எண்ணுவது தவறு. ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் 18 முதல் 64 வயது வரை உள்ள 1,500-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 1999-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஆண்களில் 100-க்கு 40 பேருக்கும், பெண்களில் 100-க்கு 32 பேருக்கும் இந்தப் புடைப்பு காணப்பட்டது. ஆகவே, "இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று ஆண்கள் ஒதுங்கிப் போக இடமில்லை.

நிற்பது மட்டுமே காரணமும் அன்று. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். வயது ஏற ஏற வரும். உடல் பருமன் அதைக் கூட்டும். பிள்ளை உண்டாகியிருக்கும்போது பல பெண்களுக்கு இது முதன்முதலாகத் தோன்றுகிறது. கர்ப்ப காலத்தில் தோன்றியது பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் தானாகவே வடியும். அதனால் அந்தச் சமயத்தில் இதற்கென்று சிகிச்சை எதுவும் செய்வதில்லை. ஒவ்வொரு பிரசவத்துக்கும் சற்று அதிகமாகி, பிறகு வடியாமலே நின்றுவிட்டால்தான் கவனிக்க வேண்டும்.

இது நரம்பு அல்ல

முதலில் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் நரம்பு என்று சொன்னாலும் இங்கே கெட்டிருப்பது நரம்பு அல்ல. வலி, தொடுதல் போன்ற உணர்ச்சிகளைக் கொண்டுசெல்வது நரம்பு. இதுவோ இரத்தக் குழாய். இருதயத்திலிருந்து நல்ல இரத்தத்தை வெளியே கொண்டுவருவது தமனி. உடலெங்கும் ஓடிய இரத்தத்தை மறுபடியும் இருதயத்துக்குக் கொண்டுபோவது சிரை. காலில் புடைப்பது இந்தச் சிரைதான். பெயரை நம்பி, "நரம்பை எடுத்துவிட்டால் கால் விழுந்துபோகுமே" என்று அஞ்சுகிறவர்கள் ஏராளம். ஆனதால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம்.

வாய்க்கால் பாசனம் தெரிந்த உங்களுக்கு இதை விளக்குவது எளிது. பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து இறங்கி நம் வயல்களுக்குப் பாய்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானே ஓடும். மதகு அதைத் தடுக்கவும் திறக்கவும் இருக்கிறது. காலில் உள்ள இரத்தத்தின் நிலைமை இதற்கு நேர்மாறு. அது பாதத்திலிருந்து இருதயம் வரை மேல்நோக்கி ஏற வேண்டும். அதற்காகச் சிரைகளின் உள்ளே சிறுசிறு கதவுகள் இருக்கின்றன. மேலே போகும் இரத்தத்துக்கு அவை வழிவிடும்; கீழே திரும்ப விடா. வால்வு என்று இவற்றைச் சொல்கிறோம். இத்தாலியின் பாதுவா நகரில் பேராசிரியராக இருந்த பாப்ரீசியஸ் இவற்றை விவரித்து 1603-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். இவற்றின் வேலை இன்னதென்று அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி 1628-ஆம் ஆண்டில் நிரூபித்துக் காட்டினார்.

இரத்தத்தை மேலே தள்ளும் பம்பு எது? கெண்டைக்கால் சதைதான். நாம் நடக்கும்போது அந்தச் சதை இறுகி, உள்ளே இருக்கும் ஆழச் சிரைகளைப் பிழிகிறது. இரத்தம் மேலே ஏறுகிறது, கதவுகள் மூடிக்கொள்கின்றன. இதனால் கெண்டைக்காலை இரண்டாவது இருதயம் என்று சொல்வதுண்டு. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் பாதரச அளவில் ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் இருக்கும். நல்ல காலோடு நடந்தால் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். கதவு பழுதான காலில், நடந்தாலும் அழுத்தம் சரியாக இறங்காது. ஏறிய இரத்தம் மறுபடி கீழே வழிந்து தேங்குகிறது. தேங்கத் தேங்கக் குழாய் விரிகிறது. விரிய விரிய அடுத்த கதவும் பொருந்தாமல் போகிறது. இப்படித்தான் குழாய் நீண்டு, வளைந்து, சுருண்டு வெளியே தெரிகிறது.

பெரும்பாலும் பழுதாவது, உட்புறக் கணுக்காலில் தொடங்கித் தொடையிடுக்கு வரை தோலுக்கு அடியில் ஓடும் நீளமான சிரைதான். கெண்டைக்காலின் பின்புறமாக முழங்கால் மடிப்பு வரை போகும் குட்டைச் சிரையும் சிலருக்குக் கெடும். இவை இரண்டும் மேலோட்டமான சிரைகள். காலின் இரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் தாங்கிப்போவது சதைக்குள்ளே இருக்கும் ஆழச் சிரைகளே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும்.

விட்டுவிட்டால் என்ன ஆகும்?

எல்லோருக்கும் இது பெரிய தொல்லையாக முடிவதில்லை. சிலருக்குப் பார்க்க அழகில்லை என்பதோடு சரி. ஆனால் பலருக்குச் சாயங்காலமானால் கால் கனக்கும், கடுக்கும், இரவில் கெண்டை பிடிக்கும், கணுக்கால் வீங்கி, படுத்து எழுந்தால் வடியும். இது முதல் படி. அடுத்து உட்புறக் கணுக்காலின் மேல் தோல் அரிக்கும். பிறகு அந்த இடம் பழுப்பாகி, கருத்து, தோல் கெட்டிப்படும். தேங்கிய இரத்தத்தின் சிவப்பணுக்கள் கசிந்து, அவற்றிலுள்ள இரும்புச்சத்து தோலில் படிவதே இந்தக் கருப்புக்குக் காரணம். கடைசியில், ஒரு கொசுக்கடியோ முள் கீறலோ போதும், புண்ணாகிவிடும். அந்தப் புண் ஆறாது. ஆறினாலும் திரும்ப வரும்.

அந்தப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர்கள் நாங்கள். மாதக் கணக்கில், வருடக் கணக்கில் அதைச் சுமந்தபடி வேலைக்குப் போகிறவர்களை நாங்கள் அறிவோம். நீர் வடிவதற்குப் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, வாடை வரும் என்று கூசி, கலியாணத்துக்கும் கோயிலுக்கும் வராமல் ஒதுங்கிய தாய்மார்களும் உண்டு. "ஏன்த்தா, இவ்வளவு நாளா வரலை?" என்று கேட்டால், பதில் அநேகமாக ஒன்றுதான்: "ஆபரேஷன்னு சொல்லிருவாகளேன்னு பயந்துட்டேன், சிஸ்டர். ஒரு மாசம் படுத்துட்டா கஞ்சிக்கு யாரு ஊத்துவா?"

இந்தப் பதிலை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. தினக்கூலி வாங்குகிறவருக்கு ஒரு மாதப் படுக்கை என்பது ஒரு மாதப் பட்டினி. பழைய சிகிச்சையைப் பொறுத்தவரை அந்தப் பயம் நியாயமானதும்கூட.

கத்திப் பயத்தின் வரலாறு

கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தில் உரோமையில் மாரியுஸ் என்றொரு தளபதி இருந்தார். அவருடைய இரண்டு கால்களிலும் சிரைகள் புடைத்திருந்தன. அக்காலத்தில் மயக்க மருந்து ஏது? நோயாளியைக் கட்டிப் போட்டுத்தான் அறுப்பார்கள். மாரியுஸ் தம்மைக் கட்டவேண்டாம் என்று சொல்லி, ஒரு காலை நீட்டி, முனகாமல் பொறுத்துக்கொண்டாராம். வைத்தியர் மறு காலுக்கு வந்தபோது அவர் காலை மடக்கிக்கொண்டார். கிடைக்கும் பலன் படும் வேதனைக்கு ஈடாகாது என்பது அவர் சொன்ன காரணம். வரலாற்று ஆசிரியர் புளூட்டார்க் இதை எழுதி வைத்திருக்கிறார். போர்க்களம் கண்ட தளபதியே இரண்டாவது காலைக் காட்ட மறுத்தார் என்றால், நம் தாய்மார்கள் தயங்குவதில் வியப்பில்லை.

பிற்காலத்தில் மயக்க மருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மருத்துவர் திரெண்டலன்பர்க் அந்த நீளச் சிரையைத் தொடையில் கட்டிவிடும் முறையைக் கொண்டுவந்தார். 1905 முதல் 1907 வரையிலான ஆண்டுகளில் கெல்லர், மேயோ, பாப்காக் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் சிரையையே உருவி எடுக்கும் முறைகளை வகுத்தார்கள். தொடையிடுக்கில் கீறி, கம்பியை உள்ளே விட்டு, சிரையை அதில் கட்டி வெளியே இழுப்பார்கள். முதுகில் ஊசி போட்டோ முழு மயக்கம் கொடுத்தோ செய்ய வேண்டும். 20-ஆம் நூற்றாண்டு முழுவதும் இதுவே முக்கிய சிகிச்சையாக விளங்கியது. அது கெட்ட சிகிச்சை அல்ல. இன்றும் சிலருக்குத் தேவைப்படுகிறது. ஆனால் தையல், இரத்தக்கட்டு, வலி, சில வார ஓய்வு ஆகியவை உடன் வரும். நம் பாட்டிமார் பார்த்துப் பயந்தது இதைத்தான்.

இன்றைய சிகிச்சை

மாறுதலுக்கு முதற்படி ஸ்கேன். டாப்ளர் ஸ்கேன் என்று பெயர். வயிற்றுக்கு எடுக்கும் அதே ஒலி அலைக் கருவிதான். வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. உங்களை நிற்கவைத்து, கெண்டைக்காலைக் கையால் பிழிந்து விடுவார்கள். பிழியும்போது இரத்தம் மேலே போவதும், விட்டவுடன் கீழே வழிவதும் திரையில் தெரியும். மேலோட்டமான சிரையில் அரை விநாடிக்கு மேல் பின்வழிந்தால் கதவு பழுது என்று பொருள். எந்தக் கதவு, எந்த இடத்தில் என்பதை வெட்டாமலே கண்டுகொள்ளலாம். ஆழச் சிரைகள் திறந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்தது சூட்டினால் அடைக்கும் முறை. சிரையை உருவி எடுப்பதற்குப் பதிலாக, அது இருந்த இடத்திலேயே உள்ளிருந்து சுட்டு மூடிவிடுவது இதன் தத்துவம். ரேடியோ அலைக் கருவி 1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. லேசர் முறை 2002-ல் பெற்றது. இரண்டும் செய்யப்படும் விதம் ஏறக்குறைய ஒன்றே. முழங்கால் பக்கத்தில் ஓர் ஊசி குத்தி, அதன் வழியாக மெல்லிய குழாயைச் சிரைக்குள் தொடையிடுக்குவரை ஏற்றுகிறார்கள். ஆழச் சிரையோடு சேரும் இடத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் முன்னதாகவே நிறுத்திவிடுவார்கள். எல்லாம் ஸ்கேனில் பார்த்தபடியே நடக்கும்.

பிறகு மரத்துப்போகும் மருந்தை நிறைய உப்புநீரில் கலந்து, சிரையைச் சுற்றிலும் ஊசியால் நிரப்புகிறார்கள். இந்த நீர் மூன்று வேலை செய்கிறது: வலியைப் போக்குகிறது, சிரையை நெருக்கிக் குழாயோடு ஒட்டச் செய்கிறது, தோலுக்கும் நரம்புக்கும் சூடு போகாமல் காக்கிறது. அதன் பின் கருவியை இயக்குவார்கள். ரேடியோ அலைக் கருவி 120 டிகிரி வெப்பத்தில் 7 சென்டிமீட்டர் நீளத்தை 20 விநாடியில் மூடுகிறது. கொஞ்சம் கீழே இழுத்து, மறுபடி 20 விநாடி. இப்படியே முழு நீளமும் மூடப்படும். முழு மயக்கம் பெரும்பாலும் தேவையில்லை. தையலும் பொதுவாக இல்லை. துளையின் மேல் ஒரு சிறு கட்டு, காலுக்கு இறுக்கமான காலுறை, அவ்வளவுதான். சிறிது நேரத்தில் எழுந்து நடக்கச் சொல்வார்கள். ஆம், படுக்கச் சொல்வதில்லை, நடக்கத்தான் சொல்வார்கள்! அநேகமாக அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். மூடிய சிரை நார்போல் சுருங்கி, மாதங்கள் செல்லச் செல்ல உடலிலேயே கரைந்துவிடும்.

மூன்றாவது, நுரை ஊசி. சிரையின் உட்சுவரைப் புண்ணாக்கி ஒட்டவைக்கும் மருந்தைக் காற்றோடு கலந்து, சோப்பு நுரைபோல் ஆக்கிச் செலுத்துவது இது. மூவழிக் குழாயில் பொருத்திய இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையே மருந்தை மாற்றி மாற்றித் தள்ளி நுரை செய்யும் எளிய முறையை இத்தாலிய மருத்துவர் தெஸ்ஸாரி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு பங்கு மருந்துக்கு நான்கு பங்கு காற்று. பெரிய இயந்திரம் வேண்டாம். வளைந்து நெளிந்து குழாய் ஏற்ற முடியாத சிரைகளுக்கு இது உதவும். ஆனால் நீளச் சிரையைப் பொறுத்தவரை, சூட்டு முறையைவிட இதில் மறுபடி திறந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம்.

நான்காவதாக, பசையால் ஒட்டும் முறையும் வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2015-ல் அனுமதி கிடைத்தது. இதற்குச் சூடும் இல்லை, சுற்றிலும் நீர் நிரப்புவதும் இல்லை. சிலருக்கு ஒவ்வாமையால் தோல் சிவந்து அரிக்கலாம்.

எது யாருக்கு என்று ஸ்கேனைப் பார்த்து டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். இங்கிலாந்து நாட்டின் சுகாதார நெறிமுறைக் குழு 2013-ல் வகுத்த வரிசை இது: தகுதியுள்ளவர்களுக்கு முதலில் சூட்டு முறை, அது பொருந்தாவிட்டால் நுரை ஊசி, அதுவும் பொருந்தாவிட்டால்தான் அறுவை.

உங்கள் கேள்விகள்

"ஒரு சிரையை அடைத்துவிட்டால் இரத்தம் எப்படி ஓடும்?" இது எல்லோரும் கேட்கும் கேள்வி. பத்தில் ஒன்பது பங்கு இரத்தம் ஆழச் சிரையில் போகிறது என்று சொன்னோம் அல்லவா? ஷட்டர் உடைந்து தண்ணீரை வீணாக்கும் கிளை வாய்க்காலை அடைத்துவிட்டால், பெரிய வாய்க்காலில் ஓட்டம் சீராகிறது. அதுபோலத்தான் இதுவும். பழுதான சிரை காலுக்கு உதவவில்லை, பாரமாகத்தான் இருந்தது.

"திரும்ப வராதா?" வரலாம். அடைத்த சிரை மறுபடி வராவிட்டாலும், வேறொரு சிரையின் கதவு பின்னாளில் பழுதாகலாம். அறுவைக்குப் பிறகும் இப்படி வருவதுண்டு. வந்தால் மறுபடி ஊசி முறையிலேயே சரிசெய்யலாம்.

"ஆபத்தே இல்லையா?" அப்படிச் சொன்னால் அது பொய். கன்றிப்போதல், சில நாள் இழுத்துப் பிடிக்கும் வலி, தோலில் சிறிது இடம் மரத்துப்போதல் ஆகியவை வரலாம். அரிதாகத் தோலில் சூடுபடலாம். ஆழச் சிரையில் இரத்தம் உறையலாம். நடக்கச் சொல்வது இந்த உறைவைத் தடுக்கத்தான்.

"புண் வந்தபின் செய்தால் பயன் உண்டா?" உண்டு. இங்கிலாந்தில் 20 மருத்துவ நிலையங்களில் 450 பேரிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியாயிற்று. அனைவருக்கும் அழுத்தக் கட்டு போட்டார்கள். ஒரு பிரிவினருக்கு இரண்டு வாரத்துக்குள் இந்தச் சிகிச்சையும் செய்தார்கள், மற்றவர்களுக்குத் தள்ளிவைத்தார்கள். உடனே செய்துகொண்டவர்களில் பாதிப்பேருக்கு 56 நாளில் புண் ஆறிவிட்டது. தள்ளிவைத்தவர்களில் பாதிப்பேருக்கு ஆற 82 நாள் ஆயிற்று. தினக்கூலிக் கணக்கில் இந்த 26 நாள் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்பதை நீங்களே அறிவீர்கள். புண் வருமுன் செய்துகொண்டால் மிச்சமாவதற்குக் கணக்கே இல்லை.

"பணத்துக்கு எங்கே போவது?" முதலில் உத்தமபாளையம் அரசு மருத்துவமனையில் காலைக் காட்டுங்கள். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்கும் என்று அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். தனியார் மருத்துவமனைக்குப் போனால், ஸ்கேன், கருவி, காலுறை எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சம்மதியுங்கள். மயிரிழைபோல் தோலில் தெரியும் சிறு நீலக்கோடுகளுக்கு அவசரப்பட்டுச் செலவழிக்க வேண்டியதில்லை.

வீட்டிலும் வேலையிலும்

சிகிச்சை டாக்டர் கையில். தடுப்பு நம் கையில். நின்று வேலை செய்கிறவர்கள் அவ்வப்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். பம்பு வேலை செய்யும். ஜீப்பில் போகும்போது பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். வீடு திரும்பியதும் தலையணைகளை அடுக்கி, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி அரைமணி நேரம் படுங்கள். இறுக்கக் காலுறை வேதனையைக் குறைக்கும், கதவைப் பழுதுபார்க்காது. காலையில் எழுந்ததும், கால் வீங்குமுன் அதைப் போட வேண்டும். ஆனால் சர்க்கரை நோயாளிகளும் பீடி சிகரெட் பிடிப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. தமனியில் அடைப்பு இருந்தால் காலுறையே காலுக்குக் கேடாகிவிடும்.

இரண்டு ஆபத்துகளை மறவாதீர்கள். புடைத்த சிரை சில சமயம் கீறிக்கொண்டு இரத்தம் பீறிடும். நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருந்தால் நிற்காது, உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே படுக்கவைத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்திலேயே அழுத்திப் பிடியுங்கள். தொடையில் கயிறு கட்டாதீர்கள். சிரை இரத்தம் அதனால் இன்னும் அதிகமாகவே வெளியேறும். இரத்தம் நின்றாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அடுத்தது, ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள். அதோடு மூச்சும் திணறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. கேரளத்துக் கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018-ல் அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. நம் தமிழ்நாட்டிலும் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்தது. கடையில் வேலை செய்கிறவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்பது இப்போது சட்டம். நாள் முழுக்க நிற்பதால் வரும் உடல்நலக் கேடே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். தோட்டத்திலும் மலையிலும் வேலை செய்கிறவர்களுக்கு இந்த நாற்காலிச் சட்டம் எட்டாது. ஆனால் நண்பகலில் காலை நீட்டிப் படுக்க ஒரு நிழலும் அரைமணி நேரமும் கொடுப்பதற்குச் சட்டம் எதற்கு? மனம் போதும். கடை வைத்திருப்பவர்களும் தோட்டம் வைத்திருப்பவர்களும் நம் பங்கிலேயே உண்டு. இதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம்.

பெரியோர்களே, தாய்மார்களே! இன்றிரவு வீட்டுக்குப் போனதும், விளக்கு வெளிச்சத்தில் உங்கள் காலையும் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் காலையும் பாருங்கள். கணுக்காலின் உட்புறம் தோல் கருத்திருக்கிறதா, அரிக்கிறதா, மாலையில் வீங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒத்திப்போடாமல் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். புண் வந்து வருடக் கணக்கில் கட்டுப் போடுவதைவிட, புண் வருமுன் ஒருநாள் வந்து போவது எத்தனையோ மேல். எங்களிடம் கட்டுப் போட்டுக்கொள்ள வருபவர்களின் எண்ணிக்கை குறைந்தால், அதுவே எங்களுக்கு நீங்கள் தரும் ஜூபிலிப் பரிசு.